முகம் சிவக்க வைக்கும் ஓரெழுத்து: ஏஎல்டிஎச்2 நொதியும் அதன் மரபணுவும்

ஜப்பானில் சில பல்கலைக்கழகங்களில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு எளிய சோதனை ஒன்றைச் செய்துகாட்டுவார்கள். ஊசி போடுமுன் தோலைத் துடைப்பதற்குப் பயன்படும் அதே 70 சதவீத ஆல்கஹாலில் நனைத்த சிறு பஞ்சுத் துண்டை மேற்கையின் உட்புறத்தில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, 7 நிமிடம் கழித்து எடுப்பார்கள். பெரும்பாலோருக்குத் தோல் இருந்தபடியே இருக்கும். சிலருக்கு மட்டும், பஞ்சு இருந்த அளவுக்குச் சரியாக ஒரு சிவப்புத் தடம் உடனேயோ அடுத்த 10 நிமிடத்திலோ தெரியவரும். தோலிலுள்ள நொதிகள் அந்த ஆல்கஹாலை அசிட்டால்டிஹைடாக மாற்றிவிட்டன. ஆனால் அசிட்டால்டிஹைடை அப்புறப்படுத்த வேண்டிய அடுத்த நொதி தன் வேலையைச் செய்யவில்லை என்பதே அந்தத் தடத்தின் பொருள். ஒரு சொட்டு மதுவும் வாய்க்குள் போகாமலேயே ஒருவரது பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள ஓர் எழுத்தை இப்படிக் கையில் படித்துவிடலாம்.

அந்த நொதியின் பெயர் ஆல்டிஹைடு டீஹைட்ரோஜினேஸ் 2. அறிவியலாளர்கள் சுருக்கமாக ஏஎல்டிஎச்2 என்பார்கள். அதை உருவாக்கும் மரபணுவுக்கும் அதே பெயர்தான். மதுவைப் பற்றிய பேச்சில்தான் இந்த நொதி அதிகம் அடிபடுகிறது என்பதால், குடிப்பவர்களுக்கு மட்டுமே தொடர்புடைய ஒன்று என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அந்த எண்ணம் பாதி உண்மைதான். குடிக்காத உடலிலும் ஒவ்வொரு நொடியும் இந்த நொதிக்கு வேலை இருக்கிறது. மது அந்த வேலையின் அளவைத் திடீரெனப் பல மடங்கு கூட்டி, நொதியில் குறை இருந்தால் அதை வெளிக்காட்டிவிடுகிறது, அவ்வளவே.

ஆல்டிஹைடுகள் என்பவை ஒரு பெரிய வேதிக் குடும்பம். பட்டையின் மணமும் வெனிலாவின் மணமும் கொத்தமல்லித் தழையைக் கிள்ளும்போது எழும் வாசனையும் பெருமளவு ஆல்டிஹைடுகளால் வருபவையே. இந்தக் குடும்பத்தின் இன்னொரு முகத்தை மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் கூடத்தில் காணலாம்: உடல்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடு என்ற ஆல்டிஹைடின் நீர்க்கரைசல். அது திசுக்களைப் பதப்படுத்துவது எப்படியென்றால், புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஒன்றை ஒன்றுடன் பிணைத்து விறைக்கச் செய்வதன் மூலம்தான். உயிருள்ள செல்லுக்குள் ஆல்டிஹைடு சேர்ந்தால், மிகச் சிறிய அளவில் நடப்பதும் ஏறக்குறைய அதுவே. புரதங்களோடும் டி.என்.ஏ.வோடும் அது வேதிப்பிணைப்பு கொள்கிறது, டி.என்.ஏ.வின் இரு இழைகளையே குறுக்காகத் தைத்துவிடவும் வல்லது. தைக்கப்பட்ட இழைகளைப் பிரிக்காமல் செல் தன்னைப் பிரதியெடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே ஆல்டிஹைடுகளை உருவான இடத்திலேயே அழிப்பதற்கு மனித உடலில் 19 மரபணுக்கள் கொண்ட ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை உண்டு. வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால்டிஹைடை, கருவின் வளர்ச்சியை நெறிப்படுத்தும் ரெட்டினாயிக் அமிலமாக மாற்றுவது சிலவற்றின் பணி. ஏஎல்டிஎச்7ஏ1 என்பது பழுதுபட்டால் பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருகிறது. வழக்கமான வலிப்பு மருந்துகளுக்கு அடங்காத அந்த வலிப்பு வைட்டமின் பி6 கொடுத்ததும் நிற்பது குழந்தை மருத்துவர்கள் மறக்காத காட்சி. இவற்றுள் அசிட்டால்டிஹைடை மிகத் திறமையாகப் பிடிப்பது ஏஎல்டிஎச்2. ஒரு மைக்ரோமோலாருக்கும் குறைந்த செறிவிலேயே அது அசிட்டால்டிஹைடைப் பற்றிக்கொள்ளும். அதாவது ரத்தத்தில் மிகச் சொற்பமாக இருந்தாலும் விடாது. கொழுப்பு சிதையும்போது உண்டாகும் நச்சு ஆல்டிஹைடுகள், டோப்பமின், செரட்டோனின் ஆகியவை உடைபடும்போது இடையில் தோன்றும் ஆல்டிஹைடுகள் ஆகியவற்றைச் சுத்தம் செய்வதிலும் அதற்குப் பங்குண்டு.

மது விஷயத்தில் இரண்டு படிகள் உள்ளன. முதல் படியில் ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி, பெரும்பாலும் கல்லீரலில், எத்தனாலை அசிட்டால்டிஹைடாக்குகிறது. இரண்டாம் படியில் ஏஎல்டிஎச்2 அதை அசிட்டேட்டாக்குகிறது. அசிட்டேட் என்பது வினிகரில் உள்ள அமிலத்தின் உப்பு வடிவம். உடல் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்ளும். முதல் படி விரைவாகவும் இரண்டாம் படி மந்தமாகவும் இருந்தால், இரண்டுக்கும் நடுவே அசிட்டால்டிஹைடு தேங்கும். கிழக்காசியாவில் பலருக்கு முதல் படியை வேகப்படுத்தும் ஒரு மாற்றமும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் ஒருவருக்கே அமைந்தால் விளைவு இன்னும் கடுமை.

ஆல்டிஹைடு அமிலமாக மாறினாலே ஆபத்து நீங்கிவிடும் என்று இதை வைத்துப் பொதுவிதி செய்துவிடக் கூடாது என்பதற்காக ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த மெத்தனால், உடலில் இதே போன்ற இரண்டு படிகளைத்தான் கடக்கிறது. மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகிறது, அது வெகு விரைவில் ஃபார்மிக் அமிலமாகிறது. இங்கே கண்ணையும் உயிரையும் குடிப்பது அந்தக் கடைசி அமிலம்தான், ஏனெனில் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிக் கட்டத்தையே அது முடக்குகிறது. அதனால்தான் சிகிச்சையில் இரண்டாம் நொதியைத் தூண்டுவதில்லை, முதல் நொதியையே மருந்தால் தடுத்து நிறுத்தப் பார்க்கிறார்கள்.

இனி நொதியின் அமைப்புக்கு வருவோம். ஏஎல்டிஎச்2 மரபணு, பன்னிரண்டாம் குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது. புரதத்துக்கான குறிப்பு அதில் எக்ஸான்கள் எனப்படும் 13 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. அதைப் படித்து செல் முதலில் உருவாக்கும் புரதத்தில் 517 அமினோ அமிலங்கள் உண்டு. அவற்றில் முதல் 17, கடிதத்தின் மேலுள்ள முகவரி போன்றவை: இந்தப் புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர வேண்டியது என்று சொல்பவை. உள்ளே நுழைந்ததும் அந்த முகவரி வெட்டி எறியப்பட, 500 அமினோ அமிலங்கள் கொண்ட முழுமையான புரதம் மிஞ்சுகிறது. ஒரே மாற்றத்தைச் சில கட்டுரைகள் 487-ஆம் இடத்தில் என்றும் வேறு சில 504-ஆம் இடத்தில் என்றும் குறிப்பிட்டு வாசகரைக் குழப்புவதற்கு இந்தப் பதினேழுதான் காரணம்.

புரதம் தனியாக வேலை செய்வதில்லை. நான்கு பிரதிகள் சேர்ந்து ஒரு கூட்டாக, இரண்டு ஜோடிகள் இணைந்த வடிவில், அமைகின்றன. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது; அதன் அடியில் 302-ஆம் இடத்தில் சிஸ்டீன் என்ற கந்தகம் தாங்கிய அமினோ அமிலம் காத்திருக்கிறது. ஆல்டிஹைடு உள்ளே வந்ததும் அந்தக் கந்தகம் அதைப் பற்றிக்கொள்கிறது. சுரங்கத்தின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் என்ஏடி என்ற துணை மூலக்கூறு ஆல்டிஹைடிலிருந்து ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. பின்னர் 268-ஆம் இடத்திலுள்ள குளுட்டமேட் என்ற அமினோ அமிலம் ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிட, அது கந்தகப் பிணைப்பை அறுத்து அமிலத்தை விடுவிக்கிறது. கந்தகம் அடுத்த ஆல்டிஹைடுக்குத் தயாராகிறது. பெயரில் உள்ள டீஹைட்ரோஜினேஸ் என்பதற்கு ஹைட்ரஜன் நீக்கி என்று பொருள். என்ஏடி இல்லாவிட்டால் நீக்கிய ஹைட்ரஜனை வைக்க இடமில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து வருவது எளிதில் விளங்கும்.

உலகில் பலருக்கு இந்த மரபணுவில் ஜி என்ற ஓரெழுத்து ஏ என்று மாறியிருக்கிறது. ஜிஏஏ என்று இருந்த மூன்றெழுத்துச் சொல் ஏஏஏ ஆகிவிடுகிறது. 487-ஆம் இடத்தில் குளுட்டமேட்டுக்குப் பதில் லைசின் வந்து அமர்கிறது. குளுட்டமேட் எதிர்மின்னேற்றம் கொண்டது, லைசின் நேர்மின்னேற்றம் கொண்டது. சரியான நொதியில் அந்தக் குளுட்டமேட், நேர்மின்னேற்றம் கொண்ட இரண்டு ஆர்ஜினின்களைக் கைபிடித்து நிறுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்று அதே பிரதியில் 264-ஆம் இடத்திலும் மற்றொன்று பக்கத்துப் பிரதியில் 475-ஆம் இடத்திலும் உள்ளன. லைசின் வந்தால் ஈர்ப்பு போய் விலக்கம் வருகிறது. சுரங்கத்தின் அடியில் உள்ள சிஸ்டீனை யாரும் தொடவில்லை; ஆனால் என்ஏடி உட்கார வேண்டிய இடத்தின் சுவர்கள் குலைந்து தளர்ந்துவிடுகின்றன. என்ஏடியைப் பற்றும் திறன் நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. ஹைட்ரஜனை வாங்க ஆளில்லாததால் நொதி ஏறக்குறைய முடங்குகிறது.

பழுதுபட்ட பிரதி தன் பங்குக்குச் செயலிழப்பதோடு நிற்பதில்லை என்பதுதான் இந்த மரபணுவின் தனித்தன்மை. தாயிடமிருந்து மரபணுவின் ஒரு நல்ல பிரதியும் தந்தையிடமிருந்து ஒரு பழுதான பிரதியும் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதி நொதியாவது இருக்க வேண்டும் என்றுதான் பள்ளிக்கூட மரபியல் சொல்லும். ஆனால் நொதி நான்கு புரதப் பிரதிகளின் கூட்டு. நல்லதும் பழுதானதும் சம அளவில் உருவாகி, கலந்து கூட்டுச் சேர்ந்தால், நான்கும் நல்லவையாக அமையும் வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான். மீதிக் கூட்டுகள் அனைத்திலும் பழுதான ஒன்றாவது இருந்து பக்கத்திலுள்ள நல்ல பிரதியின் சுவரையும் சாய்க்கிறது. போதாததற்கு, பழுதானவை கலந்த கூட்டுகள் செல்லில் விரைவாகச் சிதைக்கவும்படுகின்றன. கலப்புக் கூட்டுகளில் சில ஓரளவு வேலை செய்வதால் உண்மையான செயல்திறன் பதினாறில் ஒன்றைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. ஆயினும் பாதிக்கு மிகக் கீழேதான் நிற்கிறது. இரண்டு பிரதிகளும் பழுதானவருக்கு ஏறத்தாழ எதுவுமே இல்லை.

இவ்வளவும் தெரியவர ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாயின. 1972-இல் பீட்டர் வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஜப்பானியர், தைவானியர், கொரியர் ஆகியோர் மிகச் சிறிய அளவு மதுவுக்கே முகம் சிவப்பதையும், அந்த வேறுபாடு பச்சிளங்குழந்தைகளிடமே காணப்படுவதையும் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். பழக்கத்தால் வந்ததல்ல, பிறவியிலேயே உள்ளது என்று அவர் கண்டது சரி. தானியங்கு நரம்பு மண்டலத்தின் இயல்பே காரணமாகலாம் என்று அவர் ஊகித்தது சரியில்லை. 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வெர்னர் கோடே, ஷோஜி ஹராடா, தரம் அகர்வால் ஆகிய மூவரும் நொதியைச் சுட்டினார்கள்: ஜப்பானியர் பலரின் கல்லீரலில் ஆல்டிஹைடு டீஹைட்ரோஜினேஸின் ஒரு வடிவம் செயல்படவில்லை. கல்லீரலை அறுத்துப் பார்க்காமலே இதை அறிய, வேரோடு பிடுங்கிய தலைமுடி போதும் என்பதையும் அவர்கள் அடுத்து நிறுவியதால், ஆயிரக்கணக்கானோரைச் சோதிக்க வழி பிறந்தது. 1984-இல் கலிஃபோர்னியாவில் அகிரா யோஷிடாவின் குழு புரதத்தைத் துண்டுகளாக்கிப் படித்து, அதன் கடைசி முனையிலிருந்து பதினான்காவது இடத்தில் குளுட்டமேட் லைசினாக மாறியிருப்பதைக் காட்டியது. ஐந்நூறில் பின்னிருந்து எண்ணினால் பதினான்கு, முன்னிருந்து எண்ணினால் 487. அந்த லைசின் சுவரைச் சாய்ப்பதைப் படிக உருவமாகப் பார்க்க 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றமடைந்த பிரதியைச் சுமப்போர் உலகில் சுமார் 54 கோடிப் பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மனித குலத்தில் ஏறத்தாழ 8 சதவீதம். சீனா, ஜப்பான், கொரியா, தைவான், வியட்நாம் ஆகியவற்றில்தான் அவர்கள் பெரும்பாலும் வாழ்கிறார்கள். சீனாவின் தென்கிழக்குக் கரையோரத்திலும் தைவானிலும் இது மிகச் செறிவாக உள்ளது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சீன நண்பர்களோடு விருந்துண்ட தமிழர்களுக்கு, இரண்டு வாய் பீருக்கே தக்காளியாகச் சிவக்கும் முகங்கள் புதியவை அல்ல. இந்திய மக்களிடம் இந்த மாற்றம் மிக அரிது. ஆக, நம்மவரிடம் முகச்சிவப்பு என்ற அந்த எச்சரிக்கை விளக்கும் இல்லை, குடிக்கவிடாத அந்தத் தடையும் இல்லை.

இதை ஒவ்வாமை என்று அழைப்பது பரவலான வழக்கு, அது தவறு. ஒவ்வாமையில் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை எதிரியாக நினைவில் வைத்துக்கொண்டு தாக்குகிறது. இங்கே அப்படியொரு நினைவு எதுவும் இல்லை. தேங்கிய அசிட்டால்டிஹைடு, ஹிஸ்டமின் போன்ற பொருள்களை வெளிவரச் செய்து ரத்தக் குழாய்களை விரிக்கிறது. முகமும் கழுத்தும் கண்களும் சிவக்கின்றன, இதயம் படபடக்கிறது, தலை வலிக்கிறது, குமட்டுகிறது. ஹிஸ்டமினின் பங்கு இருப்பதால்தான், வயிற்று அமிலத்துக்குக் கொடுக்கும் ஃபமோட்டிடின் வகை மாத்திரையை முன்கூட்டியே விழுங்கிவிட்டு விருந்துக்குப் போகும் வழக்கம் இளைஞர்களிடம் தோன்றியிருக்கிறது. மாத்திரை சிவப்பைக் குறைக்கும். அசிட்டால்டிஹைடில் ஓர் அணுவையும் குறைக்காது. வண்டியில் எண்ணெய் தீர்ந்ததைக் காட்டும் விளக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு நிகரான செயல் இது. அதிகம் குடிக்கத் துணிவு தருவதால் அதைவிடவும் மோசம்.

இயற்கை சிலருக்குக் கொடுத்த இந்தத் தடையை மருந்தால் பிறருக்கும் உண்டாக்கலாம் என்பது, மரபணு தெரிவதற்கு வெகு காலம் முன்பே தற்செயலாகக் கண்டறியப்பட்டது. 1937-இல் அமெரிக்க ரப்பர் ஆலை ஒன்றின் மருத்துவர், ரப்பரைக் கெட்டிப்படுத்தும் ஒரு கந்தகச் சேர்மத்தோடு பழகும் தொழிலாளர்களுக்கு மதுவே ஒத்துக்கொள்ளாமல் போவதைக் குறித்துவைத்தார். அடுத்த பத்தாண்டில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் இருவரும் அதே குடும்பத்தைச் சேர்ந்த டைசல்ஃபிராமைக் குடற்புழு மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என ஆராய்ந்தனர். மருந்தை முதலில் தாமே விழுங்கிப் பார்ப்பது அவர்களது வழக்கம். விழுங்கியபின் உணவோடு அருந்திய மது அவர்களைப் படுக்கவைத்தது. அப்போது ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு ஏறுகிறது என்று கண்டு 1948-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். குடிநோய்க்கான அந்த மருந்து இன்றும் புழக்கத்தில் உள்ளது. உடலில் அது மாற்றமடைந்து, சுரங்கத்தின் அடியிலுள்ள அதே 302-ஆம் சிஸ்டீனில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த நொதி மீள்வதில்லை; உடல் புதிதாக நொதி செய்துகொள்ளும் வரை, மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை, மது உடலுக்கு ஆகாது.

தமிழ்நாட்டின் போதை மீட்பு மையங்களுக்குப் போய்வந்த குடும்பங்களுக்கு இந்த மாத்திரை அறிமுகமானதே. நோயாளி முழுமையாக அறிந்து, ஒப்புக்கொண்டு, இதயமும் கல்லீரலும் சோதிக்கப்பட்ட பிறகே அதைத் தர வேண்டும் என்பது மருத்துவ விதி. ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமலேயே குழம்பிலோ காபியிலோ கலந்து கொடுத்துவிடலாம் என்ற யோசனை உறவினரிடையே உலவுகிறது. அப்படிக் கலக்கச் சொல்லும் விளம்பரங்களையும் சுவர்களில் காணலாம். மேலே சொன்ன வேதியியலை வைத்துப் பார்த்தால் அதன் ஆபத்து புலப்படும். தன் நொதி முடக்கப்பட்டிருப்பதை அறியாதவர் வழக்கமான அளவைக் குடிப்பார். ரத்த அழுத்தம் சட்டென வீழ்ந்து, இதயத் துடிப்பு தாறுமாறாகி, உயிரே போகக்கூடும். குடும்பத்தின் தவிப்பு புரிந்துகொள்ளக்கூடியது. எனினும் செய்வது நஞ்சூட்டலுக்கு மிக அருகில் இருக்கிறது.

பிறவித் தடை குடிநோயிலிருந்து எவ்வளவு காக்கும்? இரண்டு பிரதிகளும் பழுதானவர்களை அது ஏறத்தாழ முழுமையாகக் காக்கிறது. ஜப்பானில் யோகோசுகா நகரின் குரிஹாமா மருத்துவமனையைச் சேர்ந்த சுசுமு ஹிகுச்சி முதலானோர் 1,300 குடிநோயாளிகளின் மரபணுவைச் சோதித்தபோது, அத்தகையவர் ஒருவர்கூட அவர்களிடையே இல்லை. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களின் கதை வேறு. 1979-இல் குடிநோயாளிகளில் அவர்கள் 2.5 சதவீதம், 1986-இல் 8 சதவீதம், 1992-இல் 13 சதவீதம். 13 ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது அலுவலக மேலாளரோடு மாலை நேரத்தில் குடித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியும், கையில் புழங்கிய பணமும், குடிக்காதவரை ஏளனமாகப் பார்க்கும் பார்வையும்தான் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த நொதியைப் பற்றிய எண்களில் என்னை மிகவும் நிறுத்திவைத்தவை இந்த மூன்றும்தான்.

ஏனென்றால், மிகப் பெரிய விலையைக் கொடுப்பவர்கள் இந்த நடுவில் நிற்பவர்களே. நொதி அறவே இல்லாதவர் குடிக்க மாட்டார். நொதி முழுதாக உள்ளவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு ஓரளவு விரைவாக வெளியேறும். பாதிக்கும் குறைவாக உள்ளவரோ, முதலில் சிவந்து, பின் பழகிப் பழகிச் சிவப்பு மங்கி, குடியைத் தொடர முடிகிறது. ஒவ்வொரு முறையும் அவரது திசுக்கள் பல மடங்கு அசிட்டால்டிஹைடில் நனைகின்றன. எச்சிலில்கூட அது பிறரைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருக்கும். அந்த எச்சில் விழுங்கப்பட்டு இறங்கும் பாதைதான் உணவுக்குழாய். அங்கு வரும் செதிள் செல் புற்றுநோய், குடிக்கும் நடுநிலையாளர்களிடம் பல மடங்கு அதிகம் என்பதை அகிரா யோகோயாமாவும் பிறரும் ஜப்பானிலும் தைவானிலும் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். மது அருந்துவதோடு தொடர்புடைய அசிட்டால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களின் பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2009-இல் சேர்த்தது. அதே ஆண்டில் வெளியான ஒரு கணக்கீடு, இந்த நடுநிலையாளர்களில் மிதமாகவோ அதிகமாகவோ குடிப்போர் வெகு சொற்பமாகக் குடிப்பவர்களாக மாறினாலே ஜப்பானிய ஆண்களின் அந்தப் புற்றுநோயில் 53 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்றது.

இவர்களை அடையாளம் காண மரபணுச் சோதனைகூட வேண்டியதில்லை. ஒரு சிறு குவளை பீர் குடித்ததும் முகம் சிவக்கிறதா, குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் சிவந்ததா என்ற இரண்டு கேள்விகள் ஏறத்தாழ 90 சதவீதம் பேரைச் சரியாகப் பிடித்துவிடுகின்றன. இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால், பழகிப்போன பழைய குடிகாரர் நழுவிவிடுவார்.

மது இல்லாதபோதும் இந்த நொதி தேவை என்று தொடக்கத்தில் சொன்னதற்கு மிகத் தெளிவான சான்று ரத்தப் புற்று மருத்துவர்களிடமிருந்து வருகிறது. ஃபான்கோனி ரத்தசோகை என்ற பிறவி நோயில், டி.என்.ஏ.வின் குறுக்குத் தையல்களைப் பிரிக்கும் பழுதுபார்ப்பு அமைப்பே கெட்டுவிடுகிறது. கேம்பிரிட்ஜில் கே. ஜே. பட்டேலின் குழு, எலிகளில் அந்த அமைப்பையும் ஏஎல்டிஎச்2-ஐயும் ஒருசேர நீக்கியபோது, எலும்பு மஜ்ஜையின் மூலச்செல்கள் சிதைந்து ரத்தப் புற்று வந்ததை 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டியது. ஜப்பானில் ஃபான்கோனி நோயுள்ள குழந்தைகளை 2013-இல் ஆராய்ந்தபோது, ஏஎல்டிஎச்2 மாற்றமும் உடன் இருந்தால் மஜ்ஜை மிக விரைவில் வற்றிவிடுவது தெரிந்தது. அந்தக் குழந்தைகள் மதுவைத் தொட்டதே இல்லை. அவர்களைத் தாக்கியது அவர்கள் உடலே அன்றாடம் உண்டாக்கும் ஆல்டிஹைடு. ஃபார்மால்டிஹைடை அழிக்கும் ஏடிஎச்5 என்ற நொதி இல்லாமையோடு இந்த மாற்றமும் ஒரே குழந்தையில் சேர்ந்தால் வரும் தனி நோய் ஒன்றும் 2020-இல் விவரிக்கப்பட்டது. மஜ்ஜை செயலிழப்பு, அறிவுத்திறன் குறைபாடு, குள்ள உருவம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

எதிர்பாராத இன்னொரு பணியும் இந்த நொதிக்கு உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரினை 1879-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரெல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். அதே பொருளை வெடிமருந்தாக்கிச் செல்வம் சேர்த்த ஆல்ஃப்ரட் நோபலுக்கு, 1896-இல் அவரது இதய நோய்க்காக மருத்துவர்கள் அதையே பரிந்துரைத்ததை அவரே விதியின் கேலியாக நண்பருக்கு எழுதினார். அது உடலில் எப்படி ரத்தக் குழாயை விரிக்கும் பொருளாக மாறுகிறது என்பதற்கான விடை 2002-இல்தான், டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஸ்டாம்லரின் குழுவிடமிருந்து வந்தது: ஏஎல்டிஎச்2-இன் அதே கந்தகம்தான் அதையும் உடைக்கிறது. உடைக்கும்போது கந்தகம் தானே செயலிழக்கிறது. தொடர்ந்து கொடுத்தால் மருந்து வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு காரணம். மாற்றப் பிரதி உடையவர்களுக்கு அந்த மருந்தின் பலன் குறைவு என்பதைச் சீன ஆய்வுகள் கண்டன. நம்மூரில் சட்டைப்பையில் வைத்திருக்கும் சார்பிட்ரேட் இதே வகை மருந்துதான் என்றாலும், இந்த நொதியை அவ்வளவாகச் சார்ந்ததல்ல.

சாய்ந்த சுவரை நிமிர்த்த முடியுமா என்ற கேள்விக்கு ஸ்டான்ஃபோர்டில் செ-ஹோங் சென், டாரியா மோக்லி-ரோசன் ஆகியோர் 2008-இல் ஒரு விடை கண்டனர். ஆல்டா-1 என்று பெயரிட்ட சிறு மூலக்கூறு, சுரங்கத்தின் வாயிலில் முட்டுக்கொடுப்பதுபோல் அமர்ந்து, பழுதான நொதியின் செயலை மீட்டது. நல்ல நொதியையும் கூடுதலாக ஊக்கியது. மாரடைப்பை உண்டாக்குமுன் அதைக் கொடுத்த எலிகளில், இறந்த இதயத் தசையின் அளவு 60 சதவீதம் குறைந்தது. சோதனைச்சாலையில் இவ்வளவு நம்பிக்கை தந்த அந்த மூலக்கூறு மருந்துக்கடைக்கு இன்னும் வரவில்லை.

கடைசியாக, இந்த ஓரெழுத்து மருத்துவத்துக்கு வேறொரு வகையில் உதவியிருக்கிறது. கொஞ்சமாகக் குடிப்பது இதயத்துக்கும் மூளைக்கும் நல்லது என்ற கருத்தைச் சோதிப்பது கடினம். குடிக்காதவர்களில் பலர் ஏற்கனவே நோயால் குடியை விட்டவர்களாக இருப்பார்கள், அளவோடு குடிப்பவர்களோ வசதியானவர்களாக இருப்பார்கள். சீனாவின் 10 பகுதிகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த கடூரி ஆய்வு, அவர்களில் சுமார் 1,60,000 பேரின் ஏஎல்டிஎச்2 மரபணுவையும், முதல் படி நொதிக்கான ஏடிஎச்1பி மரபணுவையும் படித்தது. எந்தப் பிரதியோடு பிறப்பது என்பதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் ஓர் ஆண் எவ்வளவு குடிப்பார் என்பதை அங்கே அந்தப் பிரதி பெருமளவு தீர்மானிக்கிறது. 2019-இல் வெளியான முடிவின்படி, குடியின் அளவு கூடக்கூடப் பக்கவாத ஆபத்தும் ஒரே சீராகக் கூடியது. மிதமான குடிக்கு எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. அதே ஊர்களில் அதே மரபணுக்களோடு வாழும் பெண்களையும் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அந்தப் பெண்களில் வாராவாரம் குடிப்போர் 2 சதவீதம்தான். அவர்களிடம் மரபணுவுக்கேற்பப் பக்கவாதம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.